ஒன்பதரை மணி வர

செப்டம்பர் 12, வியாழன். தவறு என்னுடையது. அக்காவின் கல்யாண வரவேற்பு நிகழ்ச்சி நிரலில் ஒரு கொம்பு விட்டுப்போயிற்று. "மாலை 6.30 மணி முதல் 9.30 மணி வரை" என்று அடித்திருக்க வேண்டும். ரகரத்துக்கு முன்னால் கொம்பை அடிக்காமல் "9.30 மணி வர" என்று அடித்துவிட்டேன். அதனால் எல்லோரும் மணி வரக் காத்திருக்கிறார்கள். இன்று ஐந்தாம் நாள்.

மண்டபத்துக்குள் இன்னும் ஞாயிற்றுக்கிழமை மாலைதான். தட்டச்சு வகுப்பு இருப்பதால் நான் மட்டும் வெளியே போய்வருகிறேன். வெளியே வியாழன். கோவில்பட்டியில் மழை. நனைந்த குடையோடு உள்ளே வருகிறேன். மழையா என்று யாரும் கேட்பதில்லை.

நிரல் போடச் சொன்னது அக்காதான். பெயர் தங்கபுஷ்பம்.

"போட்டோ நல்லா வரணும்ட்டி ரதி. அதுக்குத் தக்கன நேரத்தப் பிரிச்சுப் போடு" என்றாள்.

பிரித்தேன். 6.30, மேடையேறுதல். 6.50, மோதிரம். 7.05, மாப்பிள்ளையின் பெரியப்பா குடும்பம். 7.20, அத்தைமார், உட்கார்ந்து. 7.25, அதே அத்தைமார், நின்று. விளக்கு எந்தப் பக்கம் என்பதுகூட அதில் உண்டு. வகுப்பு மெஷினில் அடித்து ஏழு முறை சரிபார்த்தேன். எட்டாவது முறை பார்த்திருக்கலாம்.

போட்டோகிராபர் மிக்கேல் அண்ணன் தாளில் இருப்பதை விட்டு நகர மாட்டார்.

"அண்ணே, அது 'வரை'. கொம்பு விட்டுப்போச்சு."

"தாள்ல 'மணி வர'ன்னு இருக்கு. வரட்டும். அவரோட ஒரு படம் எடுத்து முடிச்சிருவோம்."

"மணி ஆள் இல்லண்ணே."

"ஆள் இல்லாமலா ரெண்டு வீட்டுக்காரங்களும் சண்டை போடுதாக?"

சண்டை உண்மைதான். ஒன்பதரை மணி தங்கள் பக்கத்து உறவு என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள். எங்கள் அப்பா, அவர் தன் ஒன்றுவிட்ட தம்பி என்றார். முன்வரிசையில் நாற்காலி பிடித்து, அதில் தன் கைக்குட்டையை விரித்து வைத்திருந்தார்.

"மணி வராம எப்படி முடிக்க?" என்றபோது அப்பாவின் கண் கலங்கியிருந்தது.

வரிசை மேடையிலிருந்து இறங்கி, பந்தி நடக்கும் கூடம் வழியாகப் போய், கைகழுவும் இடத்தைச் சுற்றிக்கொண்டு மேடைக்கே திரும்பியது. படம் எடுத்தவர்கள் மறுபடியும் படம் எடுக்க வந்தார்கள். மொய்க் கவரும் மறுபடி கொடுத்தார்கள். அதே கவர்தான்.

அக்கா நின்றுகொண்டே இருந்தாள். முகூர்த்தம் திங்கட்கிழமை காலை. மணி வந்தால்தான் திங்கட்கிழமை வரும். பாதம் வீங்கிச் செருப்பின் வார் கண்ணுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் மாப்பிள்ளை சிரித்த முகத்துடன் தூங்கிக்கொண்டிருந்தார். படத்தில் நன்றாகவே விழுந்தார்.

மண்டப மேனேஜர் வெயிலுமுத்துவிடம் போனேன்.

"சார், நிரல்ல ஒரு எழுத்தத் திருத்தணும்."

"நீ யாரு?"

"பொண்ணோட தங்கச்சி."

அவர் தாளை மேலிருந்து கீழே விரலால் தடவினார்.

"தங்கச்சின்னு ஒண்ணும் இல்லையேம்மா."

நானும் பார்த்தேன். இல்லை. ஐஸ்கிரீம் ஸ்டாலுக்கு நான்கு நிமிடம் கொடுத்திருக்கிறேன். எனக்குக் கொடுக்கவில்லை. இது இரண்டாவது தவறு.

"தாள்ல இல்லாத ஆளு தாளத் திருத்த முடியாது. இத்தனை பேரு பேசாம நிக்காக. உனக்கு மட்டும் என்ன, கொம்பா முளைச்சிருக்கு?"

தலையைத் தடவிப் பார்த்தேன். முளைத்திருந்தது. சிறியது. இரண்டு சுழி. எழுத்துக்கு முன்னால் நிற்கும் கொம்பு என்பதால் இடது பக்கம் இருந்தது. விரலில் ரிப்பன் மை ஒட்டியது.

துப்பட்டாவால் மூடிக்கொண்டேன்.

அப்போது வாசலில் சலசலப்பு. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வியர்வையைத் துடைத்தபடி உள்ளே வந்தார்.

"நான்தான் மணி" என்றார்.

"எந்த மணி?" என்று மிக்கேல் அண்ணன் கேட்டார்.

"எட்டேகால்."

எழுந்த கூட்டம் மறுபடி உட்கார்ந்தது.

"ஒன்பதரை எங்க?"

"பின்னால வாராரு. நடந்துதான் வாராரு."

அப்பா அவரைச் சாப்பிடக் கூட்டிப்போனார். நான் மேடை ஓரமாகப் போனேன். அக்கா சிரிப்பைக் கலைக்காமல் குனிந்தாள்.

"ஏட்டி, தலையில என்னது?"

"கொம்பு."

"அதுதானா? பிடுங்கித் தாள்ல போடுட்டி. காலு கழண்டு விழுது."

"போட்டா முடிஞ்சிரும்க்கா. காலைல தாலி. மத்தியானம் நீ ஓசூருக்குப் போயிருவ."

அக்கா ஒரு பளிச்சுக்குச் சிரித்தாள். அடுத்த பளிச்சுக்கும் சிரித்தாள்.

"நம்ம ரெண்டு பேரும் எடுத்தாச்சா?"

"தாள்ல இல்லக்கா."

"ஊரையே எடுத்தாச்சு. உனக்கு ஒரு நிமிசம் போடத் தெரியலயா, மூதேவி?"

மூதேவி என்றபோது மட்டும் அவள் சிரிப்பு கலைந்தது. மிக்கேல் அண்ணன் அந்தப் படத்தை எடுக்கவில்லை.

நாளைய வேலை: வகுப்புக்கு முன்கூட்டியே போய் நிரலை முழுவதும் புதிதாக அடிக்க வேண்டும். 8.20, தங்கை, அக்காவுடன், உட்கார்ந்து. அதற்கு அடுத்த வரியில், 9.30 மணிக்குப் பின்னால், கொம்பைப் போட்டுவிட வேண்டும்.