மாலை கழட்டின பிறகு ஒரு பீடி

"எல்லாம் அந்த மாத்திரையாலதான்டி. கை நடுங்குது, நெஞ்சு படபடன்னு அடிச்சிகினு கீது. இன்னியோட நிறுத்திடப் போறேன்."

மஞ்சள் வேட்டி, கழுத்தில் மாலை, கையில் டீ டம்ளரோடு நின்றான் வேடியப்பன். அவன் மனைவி தேவகிக்குச் சண்டை போடத் தெம்பில்லை. போன வருஷமும் மனச்சோர்வு மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்தவன்தான். அவன் ஓட்டின பவர்லூம் வேறொருத்தன் கைக்குப் போனது, வேறு தறி கிடைக்க மாசக்கணக்கானது. அவனைத் தனியே விடப் பயந்து இவள் கூடவே கிடந்தாள். மறுபடி அந்தச் சுவரா?

"டாக்டரம்மா சொல்லட்டும், வாய்யா" என்று ஆர்.கே.பேட்டையில் பஸ் ஏற்றித் திருத்தணிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"பழக்கவழக்கத்துல புதுசா எதாவது மாத்தம்?" டாக்டரம்மா கேட்டார்.

"ஒண்ணும் இல்லமா."

"இன்னாய்யா இல்ல? காவடிக்கு மாலை போட்டதுலேர்ந்து பீடிய தொடலியேம்மா!" என்றாள் தேவகி.

"அத ஏன் சொல்லல?"

"நல்லதுதானமா செஞ்சேன். தப்பு பண்ணாதான டாக்டர்கிட்ட சொல்லணும்?"

"பீடிக்குப் பதிலா டீய குடம் குடமா ஊத்திக்கிறாரும்மா."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "பீடிப் புகை உள்ள போனா கல்லீரல் இந்த மாத்திரைய சீக்கிரமா அழிச்சிடும். அதுக்குத் தக்கபடிதான் அளவு குடுத்தேன். இப்ப புகை இல்ல, மருந்து உடம்புலயே கூடுதலா தங்குது. அந்த மருந்து, டீயில இருக்கிற கஃபீனையும் சீக்கிரம் போக விடாது. அதான் படபடப்பு."

மாத்திரை அளவு குறைந்தது. டீ காலையில் ஒன்றோடு சரி. "மறுபடி பீடி பிடிச்சா இந்த அளவு பத்தாம போலாம். உடனே எனக்குச் சொல்லணும், நீங்களா எதையும் மாத்தக் கூடாது."

நடுக்கம் மெல்ல அடங்கியது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்தான், மலைமேல் மாலையைக் கழட்டினான். படி இறங்கினால், கூடத் தறி ஓட்டும் உதயா கீழே தயாராக நிற்கிறான்.

"விரதம்தான் முடிஞ்சிச்சே மச்சான், இந்தா!"

பீடியை வாங்கி விரலிடுக்கில் வைத்தான் வேடியப்பன். பிறகு திரும்பிப் பார்த்தான்.

"தேவகி, மொதல்ல டாக்டரம்மாவுக்குப் போன் போடு. சொல்லிட்டு அப்பறமா பத்த வைக்கிறேன்."

தேவகி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பிடுங்கிப் போட்டால் நாளைக்குத் தறிக்கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்து பிடிப்பான், டாக்டருக்குத் தெரியாது, மாத்திரை பத்தாது, மறுபடி சுவர். போன் போட்டாலோ, பீடிக்கு இவளே தலையாட்டின மாதிரி.

ஒரு கையில் போன். இன்னொரு கை பீடிப் பக்கம் நீண்டு பாதியில் நிற்கிறது. நீங்களா இருந்தா எந்தக் கையை நம்புவீங்க, சொல்லுங்களேன்?