திருத்திய விலாசம்

எனக்குத் தப்பான விலாசத்தைக் கண்டால் ஆகாது. மதுரையில் நான் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த தர்ம ஆஸ்பத்திரியில், நோயாளியின் அட்டையில் தெருப் பெயர் விட்டுப்போயிருந்தால்கூடச் சீட்டு எழுதும் கிளார்க்கை ஜன்னல் வழியாகவே ஒரு பிடி பிடிப்பேன். தவசி சாருக்குக் கிறுக்கு என்று பின்னால் பேசிக்கொள்வார்கள். பேசட்டும் என்றிருந்தேன். யாராவது முகத்துக்கு நேரே சொல்லி என்னை அடக்கியிருந்தால், தங்கப்பொண்ணு இன்றைக்கும் சோழவந்தானில் தன் பிள்ளையோடு இருந்திருப்பாள்.

எண்பத்திரண்டாம் வருஷம், வீட்டுக்கே மருந்து அனுப்பும் திட்டத்தைக் கொண்டுவந்தவன் நான்தான். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, வலிப்பு என்று மாசாமாசம் அதே மாத்திரையை வாங்கக் கால்கடுக்க வெயிலில் நிற்கிற கூட்டம் அது. நடவு வந்தால் வரமாட்டார்கள், அறுப்பு வந்தால் வரமாட்டார்கள். மாத்திரை விட்டுப்போய் நோய் முற்றியபின் வண்டி கட்டித் தூக்கி வருவார்கள். பெரிய டாக்டரை மூன்று மாதம் நச்சரித்துச் சம்மதம் வாங்கினேன். வார்டில் வேலை பார்த்த சங்கிலியின் தோளில் ஒரு காக்கிப் பையை மாட்டி, பஸ்ஸில் ஊர் ஊராக அனுப்பினேன். அவனைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், சொன்னதை ஒரு சொல் பிசகாமல் செய்வான்.

"டீக்கடையில குடுத்துட்டு வந்துறாதப்பா. வீட்டாளு கையிலதான் குடுக்கணும். என்ன நோவுக்கு, எத்தனை வேளைன்னு சத்தமா, புரியிற மாதிரி சொல்லணும். சொன்னதுக்கு அடையாளமா ரேகை வாங்கிட்டு வரணும்" என்றேன்.

"ஆகட்டும்ணே" என்றான்.

திட்டம் நன்றாகத்தான் நடந்தது. அதை இல்லை என்று சொல்லமாட்டேன். மேலூர்ப் பக்கம் எத்தனையோ பேர் அந்தக் காக்கிப் பையால் பிழைத்தார்கள். பெரிய டாக்டர் ஒரு கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். அன்றைக்கு நான் நடந்த நடையை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

தங்கப்பொண்ணின் அட்டையில் கொட்டாம்பட்டி என்று எழுதியிருந்தது. அந்த ஊர் வரைக்கும் காக்கிப் பை இன்னும் போகவில்லை. மூன்று வருஷமாக வலிப்புக்கு மாத்திரை வாங்கினாள். ஒரு மாதமும் தவறவில்லை, ஒரு தடவையும் வலிப்பு வரவில்லை. கடைசி இரண்டு வருஷமாக இடுப்பில் ஒரு பெண் குழந்தையும் வந்தது. மாத்திரையை வாங்கியதும் சுவரோரமாக ஒதுங்கி, கவரைக் கிழித்து, மாத்திரைகளை ஒரு பழைய பவுடர் டப்பாவில் கொட்டிக்கொள்வாள். நான் மெனக்கெட்டுப் பெயரும் வேளையும் எழுதிய கவர் குப்பைக்கூடைக்குப் போகும். "எழுதிக் குடுத்தத எதுக்குக் கிழிக்கிறே?" என்று இரண்டு தடவை கத்தியிருக்கிறேன். சிரித்து மழுப்பிவிட்டுப் போய்விடுவாள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஒருநாள் ஜன்னலில் அவசரப்படுத்தினாள். "சோழவந்தான் பஸ்ஸு போயிரும் சார், சீக்கிரம் குடுங்க."

"கொட்டாம்பட்டிக்காரிக்குச் சோழவந்தான் பஸ் எதுக்கு?"

"என்னையக் கட்டிக் குடுத்த ஊரு சார்."

"அப்ப அட்டையில இருக்கிறது தப்பான அட்ரஸா? வீட்டுக்காரர் பேரென்ன? எந்தத் தெரு?"

என் அதட்டலில் சொல்லிவிட்டாள். கணவன் பெயர் பேயாண்டி, வெற்றிலைக் கொடிக்காலில் வேலை, வீடு ஆற்றங்கரைத் தெருவில். நான் சிவப்புப் பேனாவை எடுத்ததும்தான் பதறினாள்.

"வேணாம் சார். அது அப்பிடியே இருந்துட்டுப் போகட்டும்."

"தப்பா இருக்கிறது எப்படி இருந்துட்டுப் போகும்?"

அவளுக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். அவர்களைத் திரும்பிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். குழந்தையைச் சரியாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எழுந்து வெளியே போய், ஏன் வேண்டாம் என்று கேட்டிருந்தால் ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். நானோ கொட்டாம்பட்டியின் மேல் அடிக்கோலை வைத்துக் கோணாமல் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் சங்கிலி சோழவந்தானுக்கும் போக ஆரம்பித்தான். பட்டியலில் முதல் பெயராக அவள் பெயரைத்தான் எழுதினேன். கைக்குழந்தையோடு பஸ்ஸில் இடிபடுகிறாளே என்ற இரக்கம். அவளிடம் சொல்லவில்லை. வழக்கமாக வருகிற தேதிக்கு மூன்று நாள் முன்பே மாத்திரை வீட்டில் வந்து நின்றால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

சங்கிலி திரும்பி வந்து ஒப்பித்தான். "அந்தப் புள்ள தண்ணிக்குப் போயிருந்துச்சுண்ணே. மாமியா கையில குடுத்தேன். என்னத்துக்கு மாத்திரைன்னு கேட்டுச்சு. காக்கா வலிப்புக்கு, ஒருநாளும் விடக்கூடாதுன்னு ரெண்டு தடவை நல்லாச் சத்தமாச் சொல்லிட்டேன். அக்கம்பக்கத்துல எல்லாம் வந்து நின்னு கேட்டாக."

நான் அவனைத் தட்டிக்கொடுத்து டீ வாங்கிக் கொடுத்தேன்.

மறுமாதம் அவள் பொட்டலம் மட்டும் திரும்பி வந்தது. "அந்தப் புள்ள அங்க இல்லையாம்ணே. கையால தொடவே மாட்டேங்கிறாக" என்றான். அப்போதுதான் எனக்கு அந்தப் பவுடர் டப்பா ஞாபகத்துக்கு வந்தது. லீவு எழுதிக் கொடுத்துவிட்டுச் சோழவந்தானுக்கு பஸ் ஏறினேன்.

மாமியார் ஒச்சாயி வாசலில் உட்கார்ந்து வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் யாரென்று சொன்னதும் சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து பலகையை எடுத்துப் போட்டாள்.

"மருந்துக்காரரா? உக்காருங்க. மாசாமாசம் மீனாட்சியம்மனுக்கு நேத்திக்கடன்னு சொல்லிட்டுப் போவா. நாங்களும் நம்புனோம். பொண்ணு குடுத்தவக ஒரு வார்த்தை சொல்லலை. நீங்களாச்சும் வீடு தேடி ஆள் விட்டுச் சொன்னீக. நல்லா இருப்பீக."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "மாத்திரை சாப்பிட்டா ஒண்ணும் வராதும்மா. மூணு வருஷமா வரவே இல்லையே. உங்ககூடத்தான இருந்தா, ஒருநாளாவது பாத்தீங்களா?" என்றேன்.

"வராத நோவுக்கு எதுக்கு மாத்திரை?" என்று கேட்டாள். அப்புறம் நான் அரை மணி நேரம் பேசியது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. பேயாண்டி உள்ளேயிருந்து வெளியே வரவே இல்லை. அந்தக் குழந்தைதான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்று, என்னை எங்கேயோ பார்த்தது போல வெகுநேரம் பார்த்தது. பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு தாயை அனுப்பிவிட்டார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவளிடம் மாத்திரை இருக்குமா என்ற கவலை ஒரு பக்கம். தாய்வீட்டுக்குத்தான் போயிருப்பாள், ஆனால் கொட்டாம்பட்டிக்குச் சங்கிலியை அனுப்ப எனக்குத் துணிச்சல் வரவில்லை. அங்கே யாருக்கு எது தெரியும், யாருக்குத் தெரியாது என்று நான் என்ன கண்டேன்? கார்டு போட்டால் நாலு பேர் படிப்பார்கள். ஒரு இன்லண்ட் லெட்டர் வாங்கி, "ஒருமுறை வந்து போகவும். தவசி" என்று மட்டும் எழுதி ஒட்டிப் போட்டேன்.

பத்து நாள் கழித்து வந்தாள். தனியாக வந்தாள். இடது புருவத்துக்கு மேல் தையல் போட்ட காயம். ஜன்னலை விட்டு எழுந்து வெளியே ஓடினேன். வேப்பமரத்தடிக்கு அவளைக் கூட்டிப்போனேன்.

"இதென்னம்மா காயம்?"

"மாத்திரை தீந்துபோச்சு சார். கெணத்தடியில விழுந்துட்டேன்."

"இங்க வந்து வாங்கியிருக்கலாமே."

"இனி என்னத்துக்குன்னு இருந்துட்டேன்."

"நான் பண்ணுனது பெரிய தப்பும்மா. என்னை மன்னிச்சிரு" என்றேன்.

"நீங்க நல்லதுக்குத்தான சார் செஞ்சீக" என்றாள். அதில் குத்தலே இல்லை. "பாப்பாவக் கண்ணுல காட்டவாச்சும் செய்யுங்கன்னு ஆள் விட்டுருக்கோம். பாப்போம்."

அட்டையை எடுத்து வந்தேன். இதற்குள் எல்லா அட்டையிலும் ஒரு கேள்வி சேர்த்திருந்தேன்: மருந்து வீட்டுக்கு வரலாமா, வந்தால் யார் கையில் கொடுக்கலாம். அதை அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கேட்டேன்.

"வரலாம் சார். யாரு கையில வேணும்னாலும் குடுங்க. நான் மொதல்லயே குடுத்தேன்ல, அந்தக் கொட்டாம்பட்டி அட்ரஸ்தான். இப்ப அங்கனதான் இருக்கேன்."

சோழவந்தானை அடித்தேன். கொட்டாம்பட்டியை மறுபடி எழுதினேன். மாத்திரைக் கவரைக் கொடுத்துவிட்டு, அவள் பவுடர் டப்பாவை எடுப்பாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் எடுக்கவில்லை. நான் எழுதிய எழுத்து வெளியே தெரிய, கவரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தாள்.