மெர்டன் கிண்ணம் வந்த வழி

'இது வெள்ளிக் கிண்ணமன்று. ஒரு தாய் விளையாட்டுக்கு ஈந்த தியாகம் உறைந்து நின்ற கோலம்.'

1975இல் சிட்னியின் பனி அரங்கொன்றில் நடந்த தொழில்முறை ஹாக்கி இறுதிப் போட்டிக்கான மலரில் இப்படி எழுதிய விக்னராஜா, அதுவரை ஓர் ஆட்டமும் பார்த்ததில்லை. அவர் அரங்கின் தற்காலிக எழுதுவினைஞர். தொழில்முறை வீரர்களோ பகலில் இறைச்சி வெட்டினார்கள், பால் வண்டி ஓட்டினார்கள்.

வெற்றிக் கிண்ணத்துக்கு ஒரு பூர்வீகம் வேண்டும் என்று ஹாக்கிச் சங்கத் தலைவர் பிரிங்கிள் கேட்டிருந்தார். நன்றாக அமைந்தால் இறுதிப் போட்டியன்றே வேலையை நிரந்தரமாக்கும் கடிதத்தில் கையெழுத்திடுவதாகவும் சொன்னார். அந்தக் கடிதம் இல்லாமல் யாழ்ப்பாணத்திலிருந்த மனைவி யோகாவை அழைப்பிக்க வழியில்லை.

விக்னராஜா ஊரில் கல்வெட்டு எழுதியவர். முப்பத்தோராம் நாளில் இறந்தவரின் புகழ்பாடி அச்சடித்துக் கொடுக்கும் புத்தகம் அது. எழுதுமுன் செத்த வீட்டுக்குப் போய் விசாரிப்பது முறை. அந்த முறை பிசகாமல், இரண்டு வருடத்துக்கு முன் பனியில் ஆடும்போது முகத்தில் அடிபட்டுச் செத்தவனும் கிண்ணத்துக்குப் பெயரானவனுமான கோல் காவலன் மெர்டனின் வீட்டுக்குப் போனார்.

சங்கம் கொடுத்த முகமூடி முன்பே வெடிப்பு விட்டிருந்தது என்றாள் தாய். கிண்ணத்தை அவள் யாருக்கும் ஈயவில்லை. அது அவளுடைய கலியாணப் பரிசு. மகனின் அடக்கத்தன்று பானம் கலக்க இரவல் வாங்கிப்போன சங்கத்தார் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஸ்ட்ராத்ஃபீல்ட் வாடகை அறையில் கூட இருந்த சிறிதரன், விக்னராஜா எழுதியதை வாசித்துவிட்டுக் கேட்டான்: "அண்ணை, செத்தவனுக்குப் பொய் எழுதலாம். தாய் உயிரோடை எல்லே இருக்கிறா?"

"கல்வெட்டிலை ஆர் மெய் எழுதினவை? எனக்கு யோகா வரவேணும்."

இறுதிப் போட்டியன்று பிரிங்கிள் அந்த வரிகளை ஒலிபெருக்கியில் வாசித்தார். பாதிக் கூட்டம் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றியது. மீதி பியர் வாங்கப் போயிருந்தது. அப்போது பழைய கோட்டணிந்த ஒரு பெண் மேடையேறிக் கிண்ணத்தின் கைப்பிடியைப் பிடித்தாள். தன் பொருளைக் கொண்டுபோக வந்ததாகச் சொன்னாள். காவலாளிகள் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள்.

தாயின் தியாகத்தை வாசித்து முடித்த பிரிங்கிள் அந்தத் தாயை ஒருநாளும் கண்டதில்லை. யார் இவள் என்று விக்னராஜாவைக் கேட்டார். கடிதம் பிரிங்கிளின் கையில், இன்னும் கையெழுத்தில்லாமல் இருந்தது.

தெரியாது என்றார் விக்னராஜா.

அவள் வீட்டில் அவர் மூன்று கோப்பை தேநீர் குடித்திருந்தார்.