கிளாஸ் கழுவியவரின் கண்ணாடி

அப்துல் பாரி வாழ்க்கையில் ஒரே ஒரு பொய்தான் சொன்னார். அதையே முப்பது வருஷமாகச் சொன்னார். யங்கோன் ஆற்றங்கரைத் தெருவில் அவர் தேநீர்க்கடை நடத்தும் கட்டடம் ஆதியில் ஜவுளிக்கடையாம். வளைந்து ஓடும் தேக்கு மேடை துணி விரித்துக் காட்டவாம். அதன் அடியில் இருக்கும் பித்தளைக் குழாய், வாங்க வந்தவர்கள் கால் வைத்து நிற்கவாம். மேடைமேல் வரிசையாக இருக்கும் பூவேலைக் கண்ணாடி ஜன்னல்கள், கோஷாப் பெண்கள் முகம் காட்டாமல் விலை கேட்கவாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஐந்து வேளை தொழுகிற மனிதர், தம் கடை வெள்ளைக்காரன் காலத்து மதுக்கடை என்று எந்த வாயால் சொல்வார், பாவம்.

இப்போது கட்டடத்தை இடிக்க அதன் சொந்தக்காரர் நாள் குறித்துவிட்டார். பழங்கட்டடப் பட்டியலில் சேர்ந்தால் மட்டுமே தப்பும். அதற்காகப் பார்வையிட வந்தவள் சித்ராதேவி, பர்மியத் தாய்க்கும் தமிழ்த் தகப்பனுக்கும் பிறந்த பொறியாளர். மேடையைத் தட்டிப் பார்த்தாள், ஜன்னலைத் திருப்பிப் பார்த்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பர்மிய வழக்கப்படி பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ஓர் 'ஊ' சேர்த்துப் பேசினாள்.

"ஜவுளிக்கடைன்னா இந்தத் தெருவிலேயே பன்னெண்டு இருக்கு, ஊ பாரி. சேக்க மாட்டாங்க. மதுக்கடைன்னா இப்படி ஜன்னல் வச்சது இது ஒண்ணுதான். கடைய நடத்துற குடும்பத்துல யாராச்சும் அப்படின்னு எழுதிக் குடுத்தா இடிக்க முடியாது."

"ஜவுளிதான், ஸயாமா," என்றார் பாரி, அவரும் பர்மிய மரியாதை குறையாமல். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் பக்கத்தில் உட்காருகிறவர்களின் முகங்கள் வரிசையாக வந்து போயின. இருதலைக்கொள்ளி எறும்பாய்த் தவித்தார்.

சமோசா பொரித்துக்கொண்டிருந்த மனைவி நூருன்னிசா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஜவுளின்னே இருக்கட்டும். அடுப்ப மட்டும் எங்க தூக்கிட்டுப் போறதுன்னு சொல்லிடுங்க. ஊர்க்கோடில இருக்கற தாகேதாவுக்கா?"

பாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"மதுக்கடைதான், எழுதுங்க. எங்க பாட்டனாரோட வாப்பா நாகூர்லேர்ந்து வந்து இங்கதான் வேல பாத்தாங்க. ஊத்திக் குடுக்கல, கிளாஸ் கழுவினாங்க. அதையும் எழுதுங்க."

"கழுவினத எழுத இந்தப் படிவத்துல எடமில்லயே."

"ஓரத்துல எழுதுங்க."

சித்ராதேவி ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினாள். பிறகு ஒரு ஜன்னலைச் சாத்திக் காட்டினாள். மூஞ்சி மறைந்தது, கீழே கிளாஸ் நகர்த்தும் அளவுக்கு மட்டும் சந்து.

"இது எதுக்குன்னு தெரியுமா? பெரிய துரைங்க குடிக்கிறப்போ உள்ள வேல செய்றவங்க பாத்துடக் கூடாதுன்னு. அவங்க கண்ணுல படக் கூச்சம்."

பாரி ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"முப்பது வருஷமா முப்பாட்டனார நெனச்சு நான் கூச்சப்பட்டேன்," என்றார். "துரைமாருங்க அவங்களப் பாத்து கூச்சப்பட்டிருக்காங்க."

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பிறகு முப்பாட்டனார் பெயரை எழுதப் போனார். ஓரத்தில் இடம் போதவில்லை. படிவத்தின் நட்டநடுவில், கொட்டை எழுத்தில் எழுதினார்: காஜா மைதீன், கிளாஸ் கழுவியவர்.