தவிட்டுக்கு வாங்கிய பிலோமி

அருளம்மாளுக்கு வாய் நீளம் என்பது சிங்கவரம் முழுக்கத் தெரிந்த சங்கதி. ஆனால் அன்றைக்கு அவள் பேசியது கொஞ்சம்தான். பேசாமல் விட்டதுதான் குடியைக் கெடுத்தது.

மெட்ராஸிலிருந்து வந்திருந்த லோபோ அம்மாள் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வெளிதேசத்தில் பிழைக்கிறவர்களின் பிள்ளைகள் ஊரில் எப்படி வளர்கிறார்கள் என்று போய்ப் பார்க்கிற சங்கம் ஒன்றில் அதிகாரி. மங்களூர்ப் பக்கத்துக்காரி. தமிழை யாரோ பாடம் எடுத்துக் கற்றுக்கொடுத்ததுபோல நிறுத்தி நிறுத்திப் பேசினாள். பினாங்கில் இருக்கும் சவரியம்மாள் அங்குள்ள குழந்தை நல ஆபீஸில் போய் அழுதிருக்கிறாள். “என் மகள் ஊரில் அக்காவிடம் இருக்கிறாள், கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன், அனுப்ப மாட்டேன் என்கிறாள்” என்று. அவர்கள் மெட்ராஸுக்குச் சொல்ல, மெட்ராஸ் இந்த அம்மாளைச் செஞ்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டது.

சவரியம்மாள் அருளம்மாளின் கூடப்பிறந்த தங்கை. மகள் பிலோமிக்கு இப்போது ஒன்பது வயது. இரண்டு வயதில், கப்பலேறுகிற நேரம் பார்த்துப் பிள்ளைக்குக் கக்குவான் இருமல் வந்துவிட்டது. கடல் காற்று ஆகாது என்று பெற்றவர்கள் அதை அக்காவிடம் விட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த வருஷம் கூட்டிக்கொள்வதாகப் பேச்சு. அடுத்த வருஷம் அம்மை போட்டது. அதுவரை நிஜம். அதற்கப்புறம் சொன்ன காரணமெல்லாம் அருளம்மாளின் கைவேலை. மாதா கோயிலில் புது நன்மை வாங்கட்டும், மூன்றாங்கிளாஸ் முடிக்கட்டும், கொல்லையில் மல்லாட்டைக் கடலை பிடுங்கி ஆகட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். வயிற்றில் ஒன்றும் தங்காத பொம்பளைக்குப் பின்னிவிட ஒரு சடை கிடைத்தால் லேசில் விடுவாளா?

“எந்த உரிமையில் இத்தனை வருஷம் குழந்தையை வைத்துக்கொண்டீர்கள்?” என்று கேட்டாள் லோபோ அம்மாள்.

அருளம்மாளுக்குச் சுருக்கென்று தைத்தது. ராவெல்லாம் கண் விழித்துக் கஷாயம் ஊற்றினவளிடம் வந்து, உரிமையாம்.

“எனுக்கு வித்துட்டாங்க. நான் வாங்கின புள்ள இது” என்றாள்.

“விற்றார்களா? என்ன கொடுத்தீர்கள்?”

“ஒரு மொறம் தவுடு.”

லோபோ அம்மாளின் பேனா அப்படியே நின்றது.

இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பிறந்த பிள்ளைகள் வரிசையாகச் செத்துப்போனால், அடுத்து வருவதைத் தாய் வேறொருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவாள். தவிட்டுக்குப் போன பண்டத்தை எமன்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டான் என்று நம்பிக்கை. சவரியம்மாளுக்கு முதல் இரண்டும் தொட்டிலோடு போயின. மூன்றாவதாக வந்த பிலோமியை மாதா கோயிலுக்குப் பின்பக்கம், சாமியார் கண்ணில் படாமல், அக்காவுக்கு விற்றாள். மடியேந்தித் தவிட்டை வாங்கும்போது அவள் ஏங்கி ஏங்கி அழுதாள். அப்புறம் வீட்டுக்கு வந்து அந்தப் பிள்ளைக்கே பால் கொடுத்தாள். விற்றதாகப் பேர், பிள்ளை அவளுடையதுதான்.

மங்களூர்க்காரி இதை எங்கே கண்டாள்? நிஜமாகவே விற்றுவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டாள். அருளம்மாளுக்கு அது அந்த நிமிஷமே புரிந்தது. இரண்டு வார்த்தை சொன்னால் போதும், தெளிந்துவிடும். வார்த்தை நாக்குவரை வந்தது. வந்ததை அவள் விழுங்கினாள்.

“பெற்ற குழந்தையைத் தவிட்டுக்கு விற்ற தாயிடம் திருப்பி அனுப்ப என்னால் முடியாது. பினாங்குக்கு அப்படியே தெரிவிக்கிறேன்” என்று எழுந்தாள் லோபோ அம்மாள். செஞ்சியில் பயணியர் பங்களாவில் தங்குவதாகவும், மறுநாள் மெட்ராஸ் போவதாகவும் சொல்லிவிட்டுப் போனாள்.

அருளம்மாளுக்கு வயிறு குளிர்ந்தது. திரும்பினால், அடுப்படிக் கதவோரம் பிலோமி நின்றிருந்தாள்.

“பெரிம்மா, எங்கம்மா என்ன வித்துட்டாங்களா?”

“போயி மூஞ்சி கழுவினு வா” என்றாள் அருளம்மாள்.

சாயங்காலம் ஜெபமாலை சொன்னார்கள். முடிந்ததும் பினாங்கு அம்மாவுக்கென்று ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ தனியாகச் சொல்வது பிலோமியின் வழக்கம். பேச்சு வந்த நாளாக ஒருநாள்கூட விட்டதில்லை. அன்றைக்கு அதைச் சொல்லாமலே சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து பாயை விரித்தாள்.

தங்கை அங்கே யாரோ அதிகாரிக்கு முன்னால் தலைகுனிந்து நிற்பதும், ‘நீ பிள்ளையை விற்றவளாமே’ என்று அவர்கள் கேட்பதும் அருளம்மாளின் கண்ணெதிரே நின்றன. நான் பாவி, என் கூடப்பிறந்தவளையே குழியில் தள்ளிவிட்டேன் என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டாள். புருஷன் செபாஸ்தியானிடம் நடந்ததைச் சொன்னாள்.

“நான் பொய் ஒண்ணும் சொல்லலியேங்க” என்றாள் கடைசியில், ஒரு நப்பாசையில்.

“சொல்லல. அந்தம்மா தப்பா நெனச்சிகினது தெரிஞ்சிதான கம்முனு இருந்த?” என்றார் அவர். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

காலையில் முதல் பஸ்ஸில் செஞ்சிக்குப் போனாள். பங்களா வராந்தாவில் லோபோ அம்மாள் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள். அருளம்மாள் நின்ற நிலையில் எல்லாவற்றையும் கொட்டினாள். செத்த இரண்டு பிள்ளைகள், கோயில் பின்பக்கம், தங்கை அழுத அழுகை, தான் வருஷா வருஷம் சொன்ன சாக்கு, நேற்று விழுங்கிய வார்த்தை, ஒன்றையும் விடவில்லை.

“அவ விக்கலம்மா. இதுவாவது உசுரோட இருக்கட்டும்னு பண்ணது. பெத்தவளுக்கு மேல பெத்தவ அவ. நான்தான் புள்ளைய உட மனசில்லாம கம்முனு இருந்துட்டேன்.”

லோபோ அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. பெட்டியை ஒதுக்கிவைத்தாள். “நான் நேற்று இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்க வேண்டும்” என்றாள். அப்புறம், “பினாங்குக்கு நான் சரியாகச் சொல்லிவிடுகிறேன். மெட்ராஸிலிருந்து இனி கப்பல் அடுத்த மாதம்தான், அதில் அனுப்பலாம். குழந்தைக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் நம்பமாட்டாள்” என்றாள்.

ஊர் திரும்புகிற வழியெல்லாம் அருளம்மாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். பிலோமி கட்டிக்கொண்டு அழுவாள், போகமாட்டேன் என்று அடம்பிடிப்பாள், சமாதானம் பண்ணி அனுப்புவதற்குள் உயிர் போய்விடும். அந்த அழுகையை நினைக்கும்போதே, வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது.

பிலோமி கிணற்றடியில் தன் பாவாடையைத் தானே துவைத்துக்கொண்டிருந்தாள். அருளம்மாள் பக்கத்தில் குந்தி, தவிட்டுக் கதையை முதலிலிருந்து சொன்னாள். பிலோமி துவைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அம்மா அழுத இடம் வந்தபோது, “நெறைய அழுதாங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

“நெறைய.”

பிலோமி பாவாடையைக் கல்லில் திருப்பிப் போட்டாள்.

“நேத்து நான் கேட்டப்ப ஏன் பெரிம்மா சொல்லல?”

இந்தக் கேள்விக்கு அருளம்மாள் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. “நீ போயிடுவன்னு” என்றாள்.

பிலோமி அழவில்லை. கட்டிக்கொள்ளவும் இல்லை. பாவாடையைப் பிழிந்து, உதறி, கொடியில் போட்டாள். பெரியம்மாவின் கை உதவிக்கு நீண்டபோது நகர்ந்துகொண்டாள்.

“கப்பலு என்னிக்கி?”

“அடுத்த மாசம். மெட்ராஸ்லேர்ந்து போவுது.”

“அதுக்கு முன்னாடி கப்பலு ஒண்ணும் இல்லியா?”

“இல்ல கண்ணு” என்றாள் அருளம்மாள்.