பக்கத்து இருக்கையிலிருந்து தெரிந்த ஊசி

சாவியைத் திருகியதும் டேஷ்போர்டில் எல்லா விளக்குகளும் ஒரு கணம் எரிந்து பிறகு ஒவ்வொன்றாக அணையும். எண்ணெய்க் குடுவை, பேட்டரி, பெல்ட் போடாத ஆள், வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி. "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்பேன். எல்லாம் அணைந்துவிட்டால் எல்லாரும் நலம் என்று அர்த்தம். பைத்தியம் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். காலையில் எனக்கு முகம் காட்ட இப்போது அவைதான் இருக்கின்றன.

என் கணவர் போன மழைக்காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார். இந்த வண்டியை அவர் வாங்கியபோது எங்கள் மகனுக்குப் பால்பல்கூட விழவில்லை. அன்றிலிருந்து அவர் ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொன்னேன். எங்கள் வீட்டில் வேலையைப் பிரித்துக்கொண்ட விதம் அதுதான்.

குறைகளில் முதல் இடம் ஊசிக்கு. ஸ்டியரிங்குக்குப் பின்னால், ஆழமான குழிக்குள், எஞ்சின் சூட்டைக் காட்டும் ஒரு சின்ன வட்டம் உண்டு. ஒரு முனையில் குளிருக்கு நீலக் கோடு, மறுமுனையில் கொதிப்புக்குச் சிவப்புக் கோடு. வண்டி கொஞ்ச தூரம் ஓடியதும் ஊசி நடுவைத் தாண்டிச் சிவப்பைப் பார்த்துப் போய், பாதி வழியில் நிற்கும்.

"என்னங்க, ஊசி ஏறியிருக்கு."

"நடுவுலதான் இருக்கு."

"எனக்குக் கண்ணு இல்லையா?"

"எனக்கும்தான் இருக்கு. நடுவுலதான் இருக்கு, பேசாம வா."

எத்தனை வருஷம் இந்தச் சண்டை! என் வாயை அடைப்பதற்காகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் வண்டி ஒருநாளும் நடுவழியில் நின்றதில்லை. கடைசியில் எனக்கே அலுத்துவிட்டது. இந்த ஊசியின் இடம் அதுதான், அதற்கு நடு என்று பெயர் வைத்திருக்கிறார், வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் போன பிறகு மகன் வண்டியை விற்கச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றான். அவன் இருப்பது வேறு ஊர், நெடுஞ்சாலையில் அரை நாள் பயணம். வாங்குவதற்கு ஆள்கூடப் பார்த்துவிட்டான். நான் வாயால் பதில் சொல்லவில்லை. ஓட்டுநர் பள்ளியில் போய்ச் சேர்ந்தேன். அங்கே எனக்குக் கற்றுத்தந்த பெண்ணுக்கு எனக்கு மகள் இருந்தால் இருக்கக்கூடிய வயது, மாமியாருக்கு இருக்கக்கூடிய வாய்.

"மஞ்சள் விளக்கு எரிஞ்சா சீக்கிரம் பட்டறையில காட்டணும். சிவப்பு எரிஞ்சா யோசனையே கிடையாது, ஓரங்கட்டணும். எஞ்சின் கொதிச்சு நின்னா, அதைக் குளிர வைக்கிற கூலன்ட் தொட்டி மூடியில கை வைக்கவே கூடாது. உள்ள தண்ணி அழுத்தத்துல நிக்குது, தொறந்தா நேரா மூஞ்சிக்குத்தான் வரும். மூஞ்சி ஒண்ணுதான் இருக்கு உங்களுக்கு, பார்த்துக்கங்க."

உரிமம் கையில் வந்ததும் மகன் ஒரு பந்தயம் வைத்தான். "தனியா எங்க வீடு வரைக்கும் ஓட்டிட்டு வாங்கம்மா. வழியில யாரையும் உதவிக்குக் கூப்பிடாம வந்து சேர்ந்துட்டா வண்டி உங்களுக்கு. கூப்பிட்டீங்கன்னா வித்துடலாம், அதுக்கப்புறம் பேச்சு கிடையாது." கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னான். நான் சரி என்றேன்.

வெறும் தகரம்தானே என்று அவனுக்குத் தோன்றியிருக்கலாம். அவருடைய சட்டைகளைக் கொடுத்தாயிற்று. செருப்பையும் கொடுத்தாயிற்று. கட்டிலில் அவர் பக்கம் மெத்தைகூட நிமிர்ந்துவிட்டது. இந்த வண்டியின் இருக்கையில் மட்டும் அவர் உட்கார்ந்த பள்ளம் இருக்கிறது. அதில் ஒரு தலையணையைப் போட்டு உட்கார்ந்துதான் ஓட்டுகிறேன். அதுவும் போய்விட்டால் எனக்கென்று சாய்ந்துகொள்ள ஒரு இடம் இல்லை.

புறப்படுவதற்கு முன் டயரில் காற்று பார்த்தேன், பெட்ரோல் போட்டேன், கண்ணாடிகளைத் துடைத்தேன். கூலன்ட் அளவை மட்டும் பார்க்கவில்லை. மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, பானெட்டைத் தூக்கி அவர் அதைப் பார்ப்பார். அது அவர் வேலை. அவர் பார்த்துக்கொள்வார் என்ற எண்ணம் இன்னும் என் மண்டைக்குள் எங்கோ உட்கார்ந்திருந்திருக்கிறது.

அதுவரை நான் ஓட்டியதெல்லாம் கடைக்கும் வங்கிக்கும்தான். எஞ்சின் சூடாவதற்குள் போக வேண்டிய இடம் வந்துவிடும், ஊசி நீலத்தை விட்டு எழுந்திருக்கவே சோம்பல்படும். நெடுஞ்சாலையில் அன்றைக்குத்தான் அது நடுவுக்கு வந்தது. வந்து வெகுநேரம் அங்கேயே நின்றது. பிறகு ஒரு நீண்ட ஏற்றத்தில், நடுவைத் தாண்டி, எனக்குப் பழக்கமான இடத்துக்கு வந்தது.

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வண்டி என்னை ஏற்றுக்கொண்டுவிட்டது, அவர் ஓட்டியபோது எப்படி ஓடியதோ அப்படியே எனக்கும் ஓடுகிறது என்று நினைத்தேன். "நடுவுலதான் இருக்கு" என்று அவரைப் போலவே குரலை இறக்கிச் சொல்லிப் பார்த்தேன். காலி இருக்கையைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தேன்.

ஏற்றம் முடிவதற்குள் ஏசியில் வெதுவெதுப்பான காற்று வந்தது. பிறகு வெல்லம் தீய்வது போன்ற ஒரு தித்திப்பு வாடை. பிறகு கிணுகிணு என்று மணி அடித்து, அலைமேல் நிற்கும் தெர்மாமீட்டர் படம் சிவப்பாக எரிந்தது. ஊசி சிவப்புக் கோட்டில் படுத்திருந்தது. ஓட்டுநர் பள்ளிப் பெண்ணின் வாய் என் காதுக்குள்ளேயே இருந்தது, நல்லவேளை. ஏசியை அணைத்தேன். ஹீட்டரை முழுதாகத் திருப்பி எஞ்சின் சூட்டை என் முகத்தில் வாங்கிக்கொண்டேன். சாலை ஓரம் அகலமாக இருந்த இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, நாலு மூலை விளக்குகளையும் மின்ன விட்டேன். பானெட்டின் விளிம்பில் ஆவி கசிந்தது.

இறங்கி எட்ட நின்றேன். இரண்டு பக்கமும் வெட்டவெளி, ஒரு விளம்பரப் பலகை, அதில் விளம்பரமும் இல்லை. கைப்பேசியை எடுத்து மகனின் எண்வரை போனேன். திரும்பப் பையில் போட்டேன். கூப்பிட்டால் அவன் ஓடி வருவான், அதில் சந்தேகமே இல்லை. வண்டியும் போய்விடும், அதிலும் சந்தேகமில்லை.

ஒரு லாரி முன்னால் போய் நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்தார். நரைத்த மீசை, தோளில் துண்டு, நல்ல மனசு, பொறுமை மட்டும் துளியும் இல்லை.

"கொதிச்சிடுச்சாம்மா? நகருங்க. மூடியைத் தொறந்து தண்ணி ஊத்தினா அஞ்சு நிமிஷத்துல கிளம்பலாம்."

"வேண்டாங்க. ஆறட்டும்."

"அட, துண்டைப் போட்டுத்தான் தொறப்பேன். எத்தனையோ வருஷமா வண்டி ஓட்டுறேன்."

"நான் ஓட்டி மூணு மாசம்தான் ஆகுது. அதனாலதான் சொல்லிக்கொடுத்ததை மறக்கல. கொதிக்கிற எஞ்சின்ல பச்சைத்தண்ணி ஊத்தினா எஞ்சினும் போயிடும்."

அவர் பானெட்டின் பக்கம் வந்தார். நான் குறுக்கே போய் நின்றுகொண்டேன். என்னை அப்படியே தூக்கி ஓரமாக வைத்துவிடக்கூடிய ஆள். நான் நகரவில்லை. இந்த மனிதர் நல்லது செய்யப் போய் முகத்தைச் சுட்டுக்கொண்டால் அதை என்னால் தாங்க முடியாது.

"கோபம் வேண்டாங்க. உங்க வீட்ல உங்க மூஞ்சிக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்க" என்றேன்.

அவர் ஒரு நிமிடம் முறைத்தார், பிறகு சிரித்துவிட்டார். லாரியிலிருந்து ஒரு கேன் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். "உங்க வீட்டுக்காரர் பாவம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். லாரியின் சத்தம் ஓய்ந்த பிறகு அந்த இடம் முன்னைவிட அதிகமாக வெறிச்சோடிக் கிடந்தது.

கால் வலித்தது. ஓட்டுநர் பக்கக் கதவு சாலையைப் பார்த்து இருந்ததால், மறுபக்கம் சுற்றிப் போய் என் பழைய இருக்கையில் உட்கார்ந்தேன். என் கணவர் போன பிறகு அங்கே உட்காருவது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்ததும் பக்கவாட்டில் திரும்பிப் பேச்சைத் தொடங்கப் போனேன். எதிரே தலையணை இருந்தது. அழுகை வந்தது, அழுதேன். பார்க்க யாருமில்லாத இடத்தில் அழுவதில் ஒரு வசதி, முகத்தை மூட வேண்டியதில்லை.

வெகுநேரம் கழித்து, ஆவி முழுக்க நின்ற பிறகு, கையை எட்டிச் சாவியைப் பாதி திருகி ஊசியைப் பார்த்தேன். சிவப்பை விட்டு இறங்கி, பழைய இடத்துக்கு, நடுவுக்கும் சிவப்புக்கும் பாதி வழிக்கு வந்திருந்தது. பரவாயில்லை என்று எழுந்து, பானெட்டின் கொக்கியை விடுவிக்க ஓட்டுநர் பக்கம் போய் உட்கார்ந்தேன். ஊசி நடுவில் இருந்தது.

அதற்குள் இவ்வளவு இறங்கிவிட்டதா? இறங்கிச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். ஏறியிருந்தது. இந்தப் பக்கம் வந்தேன். நடுவில். வெட்டவெளியில் ஒரு கிழவி ஒரு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்ததை யாராவது பார்த்திருந்தால் ஆம்புலன்ஸுக்கே சொல்லியிருப்பார்கள். மூன்றாவது தடவை உட்காராமல் தலையை மட்டும் இங்கிருந்து அங்கே மெதுவாக நகர்த்தினேன். ஊசியும் நகர்ந்தது. அது கோடுகளின்மேல் ஒட்டி இல்லை. வட்டத்தைவிட்டு உயர்ந்து, குழிக்குள் தனியாக நிற்கிறது. எதிரே உட்கார்ந்து பார்த்தால் ஒரு இடம், பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னொரு இடம்.

நடுவில்தான் இருந்திருக்கிறது.

அத்தனை வருஷமும் அவர் கண்டதைத்தான் சொல்லியிருக்கிறார். நானும் கண்டதைத்தான் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை இடம் மாறி உட்கார்ந்திருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும் சண்டை. இப்போது தீர்ந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை. "என்னங்க" என்று வாய்விட்டே சொன்னேன்.

நடுவுக்கு வந்தால் ஓடுகிற எஞ்சினுக்குச் சரி, மூடியைத் திறக்கும் கைக்குச் சரியில்லை. அதனால் மேலும் காத்திருந்தேன். ஊசி நீலத்துக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் பானெட்டைத் தூக்கினேன். தடித்த ரப்பர் குழாயைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. கூலன்ட் தொட்டி வெள்ளை பிளாஸ்டிக்கில் இருந்தது, பக்கவாட்டில் இரண்டு கோடுகள். அளவு இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். கீழ்க்கோட்டுக்கும் கீழே அடியில் கொஞ்சம் பச்சைத் திரவம், அவ்வளவுதான். அவர் கடைசியாக ஊற்றியதன் மிச்சம்.

துணியை மடித்து மூடியின்மேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கால் வட்டம் மட்டும் திருகி நின்றேன். புஸ்ஸென்று ஒரு சின்னப் பெருமூச்சு. அது அடங்கிய பிறகு முழுக்கத் திறந்து, லாரிக்காரர் வைத்துவிட்டுப் போன தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன், எங்கும் சொட்டவில்லை. அதன்பின் ஏசி போடாமல், மெதுவாக, நேராக உட்கார்ந்து, ஊசியின்மேல் ஒரு கண் வைத்தபடியே ஓட்டினேன். அது நடுவுக்கு வந்து நின்றது. கடைசிவரை அசையவில்லை.

மகன் அவனுடைய அடுக்குமாடி வாசலிலேயே நின்றிருந்தான். முகம் வெளுத்திருந்தது. கீழ்த்தள நிறுத்துமிடத்துக்கு வழி காட்ட என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

"யாரையும் கூப்பிடலையா?"

"கூப்பிடல. லாரிக்காரர் தானா வந்தார், தானா போனார்."

அவன் என் கைகள் இரண்டையும் எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். ஒரு கொப்புளமும் இல்லை. "நாளைக்கு முதல் வேலையா பட்டறை" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "வாங்குறவர்கிட்ட வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றான். நான் தலையை ஆட்டினேன்.

கிளம்பப் போனேன். அவன் கண் டேஷ்போர்டுக்குப் போனது.

"அம்மா, ஊசி ஏறியிருக்கு!"

"நடுவுலதான் இருக்கு."

"எனக்குக் கண்ணு இல்லையா?"

அவன் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. அத்தனை வருஷம் என் முகத்தில் இருந்தது அது. உள்ளதைச் சொல்லியும் பக்கத்தில் இருப்பவள் நம்பவில்லை என்றால் எவ்வளவு தனியாக இருந்திருக்கும் அவருக்கு. பேசாம வா என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லவில்லை. கைபிரேக்கைப் போட்டு, கதவைத் திறந்து இறங்கினேன்.

"இங்க வந்து உக்காரு."

இடம் மாறினோம். தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவன் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தான். நேராகக் குனிந்து பார்த்தான். பிறகு அப்பாவின் தொண்டையைக் கடன் வாங்கியது மாதிரி மெதுவாகச் சொன்னான்.

"நடுவுலதான் இருக்கு."

என் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஏறித்தான் தெரிந்தது.

"சரிங்க" என்றேன்.