பத்து மடங்கு முடிச்சு

மூன்றாவது கவட்டில் ஒரு கை இல்லை.

இமாஸ் பூதக்கண்ணாடியைப் புகைப்படத்தின் மேல் இன்னும் தாழ்த்திப் பிடித்தாள். மரத்திலிருந்து தொங்கும் குஞ்சப்பாசி. பெயரில்தான் பாசி, படித்தவர்கள் கிளப்மாஸ் என்பார்கள், பாசிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஒரு தண்டு இரண்டாகப் பிரியும், ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகப் பிரியும், பிரிந்து பிரிந்து கடைசியில் சடைக்குஞ்சம் மாதிரி நூல் நூலாகத் தொங்கும். எல்லாக் குஞ்சப்பாசியும் அப்படித்தான். ஆனால் மூன்றாவது கவட்டில் இடது கை முறிந்து, முறிந்த இடம் கறுத்து மொட்டையாக நிற்பது ஒரே ஒரு செடிக்குத்தான். அது ஹலிமுன் மலையில், ஓடைக்கு மேலே சாய்ந்த ரசமாலா மரத்தில் இருந்த செடி. அவளுடைய செடி என்றே சொல்லலாம். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு ஏறிப்போய் அதன் எதிரே உட்கார்ந்து வரைந்தவள் அவள்.

இத்தனை வருஷத்தில் அந்த மொட்டையை அவள் ஒருமுறைகூட வரைந்ததில்லை. தாவரம் வரைகிறவர்களின் தொழில் அப்படி. பூச்சி அரித்த இலை, ஒடிந்த காம்பு, ஒட்டிய சேறு எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும். கண்ணெதிரே இருப்பது ஒரு செடி, காகிதத்தில் வரவேண்டியது அந்த இனம். விட்டுவிட்டதாலேயே அந்த மொட்டை அவளுக்கு மனப்பாடம்.

அவள் வேலை பார்க்கும் போகோர் தாவரவியல் தோட்டத்து ஓவியப் பிரிவில் இருபது பேர் கேட்டும் அந்த மரம் எங்கே என்று அவள் சொன்னதில்லை. தங்கை லிலிஸின் புருஷன் ஹெந்தாரை மட்டும் கூட்டிப்போனாள். புதுக் கேமரா, புது மாப்பிள்ளை, பல்லெல்லாம் சிரிப்பு. அடுத்த வருஷம் இருவரும் போனபோது கிளையில் ரம்பம் போட்ட வெட்டுதான் இருந்தது. தொங்குசெடி விற்கிற வியாபாரிகளின் ஏழு தலைமுறையையும் ஹெந்தார் திட்டித் தீர்த்தான். அடிவாரக் கடையில் இஞ்சியும் தேங்காய்ப்பாலும் போட்ட சூடான பஜிகூர் வாங்கி அவள் கையில் திணித்து, "அழுவாதீங்க தேதே, அவனுங்க வெளங்கவே மாட்டானுங்க" என்றான். அவனுக்கும் அவள் தேதே, அக்கா. தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அந்தக் கண்ணீரை நம்பி, கூடப் பிறந்த தம்பி இருந்தால் இப்படித்தான் இருப்பான் என்று அன்றைக்கு அவள் நினைத்தாள்.

இப்போது அந்தச் செடி அவன் எடுத்த படத்தில் தொங்குகிறது. பரிசு வாங்கிய படம். கீழே, 'வனத்தில், இயற்கையான வாழிடத்தில்' என்று எழுதியிருக்கிறது. அவள் கண்ணாடியை மேலே நகர்த்தினாள். செடி ஒட்டியிருந்த பட்டை ரசமாலாவின் பட்டை இல்லை. அவன் வீட்டுக் கொல்லையில் நிற்கும் மாமரம். வேர்க்கட்டைச் சுற்றிப் பச்சைப்பாசியை அப்பி மறைத்திருந்தான், கெட்டிக்காரன்தான். ஆனாலும் ஒரு இடத்தில் பாசி விலகி, மீன்பிடி நைலான் நரம்பு ஒன்று வெயிலில் மினுங்கியது. பக்கத்திலேயே முடிச்சு.

செடியைத் திருடியதைக்கூட ஒரு நாள் மன்னித்திருப்பாளோ என்னவோ, அந்த பஜிகூரை மன்னிக்க முடியவில்லை.

பிரிவுத் தலைவி இபு ராத்னா அந்தப் படத்தை அவளிடம் கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. தோட்டத்தின் கண்காட்சியில் புகைப்படத்தையும், அதைப் பார்த்து வரைந்த ஓவியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டப்போகிறார்கள்.

"அப்படியே வரையணுமா இபு?" என்று இமாஸ் அந்த அம்மாளிடம் போய்க் கேட்டாள்.

"அப்படியேதான். படத்துல இருக்கறது ஓவியத்துலயும் இருக்கணும். உனக்குச் சொல்லித் தரணுமா என்ன?"

"வேணாம் இபு. இந்தத் தடவை ஒண்ணையும் விடமாட்டேன்."

அவள் வரைந்ததிலேயே அழகான ஓவியம் அதுதான். ஒவ்வொரு இலையையும் பகையோடு வரைந்தாள், பகைக்கு அத்தனை பொறுமை உண்டென்று அவளுக்கு அதுவரை தெரியாது. முதல்முறையாக மொட்டையை வரைந்தாள். மாமரப் பட்டையை வரைந்தாள். தாவர ஓவியத்தில் கீழே வரிசையாகச் சின்னப் பகுதிகளைப் பெரிதாக்கிக் காட்டுவது வழக்கம். அ, இலை, ஐந்து மடங்கு. ஆ, வித்துப்பை, இருபது மடங்கு. அதற்கடுத்து இ. நைலான் நரம்பின் ஒவ்வொரு சுற்றும் தெரிய, இழுத்து இறுக்கிய முடிச்சு, பத்து மடங்கு.

மை காய்ந்த அன்று மத்தியானம், "தேதே, சோறு இறங்குச்சா? சோத்தோ சூப்பு வாங்கியாந்திருக்கேன், ஆறிடப் போவுது" என்றபடி லிலிஸ் வந்தாள். தூக்குப்பாத்திரத்தை வைத்துவிட்டு ஓவியத்தின் மேல் குனிந்தாள். "யம்மா, எவ்ளோ அழகு! அவரு பாத்தா குதிப்பாரு." கையைப் பின்னால் கட்டிக்கொண்டே, இலை, வித்துப்பை என்று பார்த்துக்கொண்டு போனவள் மூன்றாவது படத்தில் நின்றுவிட்டாள்.

"இது என்னதுன்னு கேக்கலையே?" என்றாள் இமாஸ்.

லிலிஸ் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். "சொல்லிடணும்னுதான் இருந்தேன்."

"எப்போ? உனக்குப் பேரப்புள்ள பொறந்தப்புறமா?"

"மலையில எப்பப் பாரு மூடுபனி, ஒண்ணும் சரியா விழலைன்னாரு. வீட்டுக்குக் கொண்டாந்தா வெளிச்சம் பாத்து எடுக்கலாம்னு... குளியலறையிலதான் தொங்க விட்டிருந்தோம். நாந்தான் தண்ணி தெளிச்சேன், தேதே. நல்லாத்தான் பாத்துக்கிட்டேன்."

இமாஸ் நிமிர்ந்தாள். உயிரோடு இருக்கிறதா என்ன? "இப்ப எங்க அது?"

"படம் எடுத்து முடிச்சதும் பழுத்துடுச்சு. தரையெல்லாம் மஞ்சப்பொடியாக் கொட்டுச்சு. பெருக்கிப் போட்டுட்டேன்."

செடி போனதென்று அவள் அழுதுகொண்டிருந்த மாதங்களில் அது தங்கை வீட்டுக் குளியலறையில் தொங்கியிருக்கிறது. அந்த வீட்டுக்கு அவள் நோன்புப் பெருநாளுக்குப் போயிருக்கிறாள். கை கழுவக் கிளம்பியபோது, குழாய் ரிப்பேர், கொல்லைக்குப் போங்க என்றாள் லிலிஸ். இமாஸ் இப்போது அதை நினைத்துக்கொண்டாள். அதுவரை ஒருவன் மேல் இருந்த கோபம் இரண்டாகப் பிரிந்தது, பிரிந்தும் ஒன்றுகூடக் குறையவில்லை.

"ஜகார்த்தா பத்திரிகையில வேலை தரோம்னு சொல்லியிருக்காங்க, தேதே. இது வெளிய வந்தா அவரு பொழப்பே போயிடும். அந்த ஒண்ணை மட்டும் எடுத்துடுங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

மையைச் சுரண்டும் பிளேடு மேசையிலேயே கிடந்தது. இமாஸ் அதை எடுத்துத் தங்கையின் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீயே எடு. தண்ணி தெளிச்சவளும் நீதான், பெருக்கித் தள்ளினவளும் நீதான். இதையும் சுத்தம் பண்ணிட்டுப் போ."

லிலிஸ் பிளேடோடு முடிச்சின் மேல் குனிந்தாள். வெகுநேரம் குனிந்தே இருந்தாள். பிறகு பிளேடை மேசையில் வைத்துவிட்டு, தூக்குப்பாத்திரத்தைச் சரியாக மூடி அக்காவின் பக்கம் நகர்த்திவிட்டு, படியிறங்கிப் போனாள். சோத்தோ அப்படியே ஆறிப்போனது.

கண்காட்சி அன்று வழக்கம்போல மழை. ஹெந்தார் புது பாத்திக் சட்டையில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். பின்னால் பத்திரிகை ஆசிரியர், அவருக்கும் பின்னால் லிலிஸ். அவன் முகத்தில் அதே பல்லெல்லாம் சிரிப்பு. அதைப் பார்த்ததும் இமாஸுக்குப் புரிந்துவிட்டது, தங்கை அவனிடம் சொல்லவில்லை. அவள் லிலிஸைப் பார்த்தாள். லிலிஸ் தரையைப் பார்த்தாள்.

"இவங்கதான் சார் எங்க தேதே. என் படத்தைப் பாத்து இவங்க வரைஞ்சதுதான் இது. கண்ணு எப்படிப்பட்ட கண்ணு தெரியுமா, ஒரு தூசு தப்பாது!"

ஓவியத்தின் பக்கத்தில் பார்வையாளர்களுக்கென்று பூதக்கண்ணாடி ஒன்று சரட்டில் தொங்கியது. ஆசிரியர் அதை எடுத்தார். இலையைப் பார்த்து, ஆஹா என்றார். வித்துப்பையைப் பார்த்துத் தலையாட்டினார். கண்ணாடி அடுத்ததற்கு நகர்ந்து நின்றது. நிமிர்ந்து பக்கத்தில் இருந்த புகைப்படத்தைப் பார்த்தார், மறுபடி குனிந்தார்.

"மூணாவது என்ன இது? வேரா?"

"வேராத்தான் இருக்கும் சார்" என்று சிரித்தபடி ஹெந்தார் கண்ணாடியை வாங்கிக் குனிந்தான்.

அவன் முதுகு மட்டும்தான் இமாஸுக்குத் தெரிந்தது. சிரிப்பு நின்றதா என்று தெரியவில்லை. கண்ணாடியைக் கட்டியிருந்த சரடு மட்டும், காற்றில்லாத அந்தக் கூடத்தில், மெல்ல ஆடத் தொடங்கியது.